மீன் நாடாப்புழுவின் பயணம்

ஏரிகள் நிறைந்த பின்லாந்து நாட்டில் ஒரு காலத்தில் மீன் நாடாப்புழுத் தொற்று மிகுதியாக இருந்தது. மனிதக் குடலில் வாழும் இவ்வொட்டுண்ணி 10 மீட்டர் வரையிலும் வளரும். நாளொன்றுக்குப் பத்து இலட்சம் முட்டைகள் வரை இடும். ஆயினும் அம்முட்டைகளுள் ஒன்றுகூட நேரே மனித உடலில் புழுவாக வளர இயலாது. அதற்கு இடையில் வேறு உயிர்கள் இடமளிக்க வேண்டும். அவ்வுயிர்களே இடைநிலை விருந்தோம்பிகள் எனப்படுகின்றன. இங்கு வரும் விருந்தாளியோ அழையா விருந்தாளி!

மனிதக் கழிவுடன் வெளியேறும் முட்டை நன்னீரை அடைந்தால் சில வாரங்களில் பொரிக்கும். அதிலிருந்து வெளிவரும் இளவுயிரி, மெல்லிய இழைகளால் நீந்தும். துடுப்புக்காலி என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி அதனை விரைவில் விழுங்க வேண்டும். இன்றேல் அது மடிந்துவிடும். துடுப்புக்காலியே முதல் விருந்தோம்பி. அதனைச் சிறு மீன் உண்ணும்போது இளவுயிரி மீனின் தசைக்குள் புகுந்து மேலும் வளர்கிறது. சிறு மீன் இரண்டாம் விருந்தோம்பி.

மனிதர் இத்தகைய சிறு மீன்களை வேகவைக்காமல் உண்பது அரிது. அவ்வாறாயின் புழு மனிதரை எவ்வாறு அடைகிறது? சிறு மீனைப் பைக் போன்ற பெரிய மீன் இரையாக்குகிறது. இரை செரித்துவிடும், இளவுயிரி செரிப்பதில்லை. அது பெரிய மீனின் தசைக்குச் சென்று மீண்டும் தங்குகிறது. அங்கு அது மேலும் வளர்வதில்லை, காத்திருக்கிறது. எனவே பெரிய மீனைக் கடத்தும் விருந்தோம்பி என்பர். புழுவின் வளர்ச்சிக்கு இம்மீன் இன்றியமையாதது அன்று. ஆனால் புழுவை மனிதரின் உணவுத்தட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இதுவே.

மீனால் இத்தொற்று பரவுவதை மாக்ஸ் பிரவுன் என்னும் அறிஞர் 1880களில் மெய்ப்பித்தார். துடுப்புக்காலியின் பங்கை யானிட்ஸ்கி, ரோசன் ஆகிய இருவரும் 1917ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதன் பின்னரே சங்கிலி முழுமையாக விளங்கியது.

குடலில் தங்கும் புழு உயிர்ச்சத்து பி12ஐக் கவர்ந்துகொள்வதால் சிலருக்கு இரத்தசோகை உண்டாகிறது. இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. மீனை நன்கு வேகவைத்தாலோ, சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசில் 7 நாள்கள் உறையவைத்தாலோ இளவுயிரி மடிந்துவிடும். கழிவுநீரைத் தூய்மை செய்தால் முட்டைகள் ஏரியை அடையா. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும். புழுவின் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.