மூளையில் நீர்த்தேக்கம்: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பிள்ளைக்கு எப்படித் துணைநிற்பது?

"ஆப்பரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இனிமே என்ன கவலை?"

மூளை நீர்த்தேக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற குழந்தையின் பெற்றோரிடம் உறவினர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நல்லெண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் ஹைட்ரோசெபலஸ் எனப்படும் இந்த நிலை, ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால் நீங்கள் எதைக் கவனிக்கவேண்டும்?

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் எல்லாருடைய மூளைக்குள்ளும் நான்கு சிறு அறைகள் உண்டு. அங்கே தெளிந்த நீர்போன்ற திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் ஊறுகிறது. ஆனால் எந்நேரமும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். மீதி இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

அது வடியும் வழி அடைபட்டால் அறைகள் வீங்கி மூளையை நெருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வழி குறுகலாக இருக்கும். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்து மூளையில் இரத்தம் கசிந்த குழந்தைகளுக்கும் இது வரலாம். மூளையில் கிருமித்தொற்றோ கட்டியோ வந்த பிறகும் ஏற்படுவதுண்டு.

பெரும்பாலானோருக்கு ஷன்ட் என்ற மெல்லிய குழாயைப் பொருத்துகிறார்கள். அது மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் இறங்கும். எவ்வளவு திரவம் வடியவேண்டும் என்பதை நடுவில் உள்ள வால்வு பார்த்துக்கொள்ளும். சிலருக்குக் குழாய் வைக்காமல், மூளை அறையின் அடியில் சிறு துளையிட்டு மாற்றுவழி அமைப்பார்கள். அந்தத் துளையும் பின்னாளில் மூடிக்கொள்ளலாம்.

குழாய்தானே, அடைத்துக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் ரோல்ட் டாலுக்கு இது நன்றாகவே தெரியும். 1960இல் நியூயார்க்கில் அவருடைய கைக்குழந்தை தியோவின் தள்ளுவண்டியை டாக்சி மோதியது. தலையில் அடிபட்ட குழந்தைக்குப் பொருத்திய குழாய் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. பொறியாளர் ஸ்டான்லி வேட், லண்டன் மருத்துவர் கென்னத் டில் இருவரோடும் சேர்ந்து டால் புதிய வால்வு ஒன்றையே உருவாக்கினார். அது தயாராகும்போது தியோவுக்கு அது தேவைப்படவில்லை. வேறு பல குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

இன்றைய வால்வுகள் எவ்வளவோ மேம்பட்டவை. இருந்தும், குழந்தைகளுக்குப் பொருத்தும் ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகலாம். பத்து ஆண்டு ஒழுங்காக ஓடிய குழாய் திடீரென அடைபடுவதும் உண்டு.

தலைவலியா, ஷன்ட் கோளாறா?

பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி இது. பிள்ளைக்குச் சாதாரணத் தலைவலியும் வரும், வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும். ஒவ்வொன்றுக்கும் பயந்து ஓடமுடியாது.

சில அடையாளங்கள் உதவும். காலையில் எழும்போதோ படுத்திருக்கும்போதோ மோசமாகும் தலைவலி, அதோடு வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், இரட்டையாகத் தெரியும் பார்வை, நடையில் தள்ளாட்டம் ஆகியவை அழுத்தம் ஏறுவதைக் காட்டலாம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைக்கும், தலை வேகமாகப் பெரிதாகும், கண்கள் கீழ்நோக்கியே இருக்கும். காய்ச்சல், குழாய் செல்லும் பாதையில் சிவப்பு, வயிற்றுவலி இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். குறிப்பாக, அறுவைச் சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் இதில் கவனம் தேவை.

இத்தகைய அறிகுறிகள் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். அக்கம்பக்கத்து மருந்தகத்துக்கும் போகவேண்டாம், நேராக மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பிள்ளையை எழுப்பவே முடியவில்லை என்றாலோ வலிப்பு வந்தாலோ 995ஐ அழையுங்கள்.

இன்னொன்று. ஸ்கேன் படத்தில் மாற்றம் தெரியாவிட்டாலும் சிலருக்கு ஷன்ட் பழுதாகியிருக்கலாம். "போன தடவை அடைச்சப்பவும் இவ இப்படித்தான் இருந்தா" என்று நீங்கள் சொல்வது மருத்துவருக்கு முக்கியமான தகவல். தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேன், வால்வின் வகை, அதன் அளவு, கடைசி அறுவைச் சிகிச்சையின் தேதி எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருங்கள். காந்தத்தால் அளவை மாற்றக்கூடிய வால்வு என்றால், காந்தம் உள்ள ஒலிவாங்கி, கைக்கணினி உறை போன்றவற்றைத் தலைக்கு ஒட்டி வைக்கக்கூடாது. எம்ஆர்ஐ எடுத்த பிறகு வால்வின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். குழாய் வயிற்றில்தானே முடிகிறது? அங்கே அழுத்தம் கூடினால் திரவம் வடிவது தடைபடலாம்.

"நல்லாத்தான் பேசுறான், கணக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

வகுப்பில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஹைட்ரோசெபலஸ் உள்ள பிள்ளைகள் சிலர் சரளமாகப் பேசுவார்கள், சொல்வளம் இருக்கும். ஆனால் மூன்று வேலைகளை வரிசையாகச் செய்யச் சொன்னால் இரண்டாவதிலேயே தடுமாறுவார்கள். பையை அடுக்க மறப்பார்கள், கணக்கும் வரைபடமும் பிடிபடாது, இரைச்சலான உணவகத்தில் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் எளிதாக "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் ஆழப் பதிந்துவிடும்.

பள்ளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, எழுதிவைத்த பட்டியல், ஆசிரியருக்கு அருகில் இருக்கை என்று சிறிய ஏற்பாடுகளே பெரிதும் உதவும். பிஎஸ்எல்இ போன்ற தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் தேவைப்பட்டால், மருத்துவ அறிக்கையுடன் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். கடைசி நிமிடத்தில் ஓடவேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் மதிப்பெண் திடீரெனச் சரிந்தால் அதுவும் ஷன்ட் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம்.

விளையாட்டு? பெரும்பாலானவற்றுக்குத் தடையில்லை. தலையில் அடிபடும் குத்துச்சண்டை போன்றவற்றைத் தவிர்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் "வேணாம், வேணாம்" என்று உட்காரவைப்பது பிள்ளைக்கு நன்மையல்ல.

18 வயதாகும்போது

இதுவரை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது அம்மா. மருத்துவரிடம் பேசியதும் அம்மாதான். திடீரென ஒருநாள் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து பெரியவர்களுக்கான மருத்துவமனைக்கு மாறவேண்டும். அறுவைச் சிகிச்சை நடந்தபோது பச்சைக்குழந்தையாக இருந்தவருக்குத் தம் வால்வின் பெயரே தெரியாமல் இருக்கலாம்.

அதனால் 12, 13 வயதிலிருந்தே பழக்குங்கள். மருத்துவரின் முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். அடுத்த சந்திப்பின் தேதியை அவரே குறித்துவைக்கட்டும். பையன்கள் தேசியச் சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது ஆவணங்கள் அனைத்தையும் கொண்டுபோய், எதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஷன்ட் உள்ள பெண்கள் கருத்தரிக்கலாம், குழந்தை பெறலாம். திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளை படிப்புக்காக விடுதியில் தங்கப்போகிறாரா? அறைத் தோழர் ஒருவரிடமாவது விவரத்தைச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டே இருக்கும் நண்பனை, இரவெல்லாம் கண்விழித்த களைப்பு என்று நினைத்து அவர் அப்படியே விட்டுவிடாமல் 995ஐ அழைப்பார்.