ஞாயிற்றுக்கிழமை ஹெரால்டு

பெட்ரோல் பங்க்கில் என் காரைச் சுற்றி நிற்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். "வெலைக்குக் குடுப்பீங்களா சார்?" என்பது ஒன்று. அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். "இத வச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க?" என்பது இன்னொன்று. டேங்க் நிரம்புவதற்குள் சொல்லி முடிகிற பதில் அல்ல அது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, உரிமம் பெற்று 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள். அந்தக் காலத்தில் புதுக் கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், மதராஸில் செய்த ஹெரால்டு. முதல் இரண்டும் பிறகு பல பத்தாண்டுகள் டாக்சியாக ஓடி ஊரறிந்தவை ஆயின. ஹெரால்டு 1970களின் தொடக்கத்திலேயே நின்றுபோனது. இங்கேயே பிறந்த வண்டியைப் பார்த்து, "இது எந்த நாட்டுக் கார்?" என்று சென்னைக்காரர்களே கேட்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

இப்படி ஒரு காரை வைத்திருப்பவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்றால், முதலில் ஓட்டுகிறார்கள். ஓட்டியே ஆக வேண்டும். துணி போட்டு மூடி ஷெட்டில் நிறுத்திவைத்த கார் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. நின்ற இடத்திலேயே அது கெட்டுக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின்போல் படிந்து ஜெட்டை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாக மாறும். ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். எலி வந்தால் வயரிங் போயிற்று.

"வாரம் ஒரு தடவை ஷெட்டுலயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சுடுவேன்" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இதில் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டால் சைலன்சரிலும் என்ஜின் ஆயிலிலும் அப்படியே தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்து அரித்து ஒருநாள் கழன்று விழும்போதுதான் காரணம் புரியும். அரை மணி நேரமாவது சாலையில் ஓடி, ஆயில் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு நிறுத்த வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை. விடியற்காலையில் எடுப்பதற்குப் போக்குவரத்துக் குறைவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, வெயில். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியே இருக்கும். மே மாதப் பகலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றால், பைப்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். வண்டி இருமிவிட்டு நின்றுபோகும். மெக்கானிக்குகள் இதை ஏர்லாக் என்பார்கள். ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் மர நிழலில் காத்திருந்தால் சரியாகிவிடும்.

வாரம் முழுக்க நின்ற வண்டியைக் கிளப்புவதில் ஒரு வரிசை உண்டு. பானெட்டைத் திறந்து ஆயிலும் தண்ணீரும் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சிறு நெம்புகோலைக் கையால் நாலைந்து தடவை அடித்துக் கார்புரேட்டரை நிரப்ப வேண்டும். பிறகு சோக்கை முழுக்க இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். என்ஜின் பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சீக்கிரம் தள்ளினால் நின்றுவிடும். தள்ள மறந்தால் ப்ளக்கில் கரி பிடித்து மிஸ்ஸிங் வரும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைக் காதால்தான் கற்றுக்கொள்ள முடியும். இந்த ஐந்து நிமிஷம் இல்லாவிட்டால் எனக்கு மீதிச் சவாரியில் பாதிச் சுகம் இல்லை.

ஓட்டுவது வேகத்துக்காக அல்ல. முதலில் வந்த ஹெரால்டுகளின் என்ஜின் 948 சிசி. இன்றைய சின்னக் கார்கூட எளிதாக முந்திப் போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் இதற்கு இயல்பான நடை. நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் என்பதால் முன்னால் போகிற வண்டிக்கு இரட்டை இடைவெளி விட வேண்டும். விட்ட இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். மறுபடியும் விட வேண்டும். பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் ஆடும் ஆக்சிலில் இருக்கின்றன; வளைவின் நடுவில் திடீரென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் சீராகப் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் மாதம் இதைப் பயந்து பயந்து செய்தேன். இப்போது என் புதுக் காரையும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பதிலுக்கு ஹெரால்டு ஒரு பரிசும் தருகிறது. அது திரும்ப 25 அடி இடம் போதும். மயிலாப்பூர்ச் சந்துகளில் இதைவிடப் பெரிய ஆடம்பரம் கிடையாது. மற்றவர்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் போகிற இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

ஓட்டாத நேரத்தில் என்ன? பழுது பார்ப்போம். அதைத் தொல்லை என்று நினைப்பவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். ஹெரால்டின் பானெட் மட்காடோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை செய்யலாம். பாயிண்ட் செட்டில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பது, பாடி முழுவதும் போல்ட்டால் இணைத்த பாகங்கள் என்பதால் ஆடுகிற ஒரு போல்ட்டைத் தேடிப் போவது என்று ஒரு மதியம் கழியும்.

இந்தக் காரில் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் போகாமல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகுந்து அரித்து, ஒருநாள் முன்சக்கரம் மடிந்து விழும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன் வைத்துப் பழகிய பட்டறைகளில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் வண்டியை விட வேண்டும். நான் பக்கத்திலேயே நின்றுவிடுவேன்.

பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் முன்போல் கைகொடுப்பதில்லை. நல்லவேளையாக ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் விற்ற வண்டி. பிரேக், கிளட்ச், ட்ரன்னியன் எல்லாம் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே விற்ற ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுதான். நான்கு கதவு வைத்தது இந்தியாவில் மட்டும். பின்கதவு நசுங்கினால் உலகத்தில் எங்கும் வாங்க முடியாது. தகடு தட்டி எடுக்கத் தெரிந்த நல்ல டிங்கர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சொன்ன நாள்வரை காத்திருக்க வேண்டும்.

பெட்ரோல் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய என்ஜின்களின் வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம். மெதுவாக ஓட்டினால் பெரிய சேதம் இல்லை. எப்படியும் ஹெட்டைக் கழற்றும் நாளில் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் பைப்பையும் பம்ப் டயஃப்ரமையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் பைப்பாக மாற்றிவிட்டு, ஆண்டுக்கொரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். பெட்ரோல் கசிவு தீயில் போய் முடியும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் குழம்புகிறார்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்பலகையில் விஏ எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்எஸ் என்று தொடங்கும் மதராஸ் எண் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கே அனுமதி. வாரா வாரம் நினைத்த இடத்துக்கு ஓட்ட ஆசைப்படுகிறவர், ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆய்வுக்குக் காட்டிச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ரேலிகளும் உண்டு. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தொடங்கிய பழைய கார் ரேலிதான் இந்தியாவில் பெயர் பெற்றது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் அணிவகுப்புகளுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி கேட்பார்கள். தெரிந்த வீடு என்றால் நானே ஓட்டிப் போவேன். சினிமாவுக்குக் கேட்டால் கொடுப்பதில்லை. ஒரே காட்சிக்காக இருபது தடவை ஸ்டார்ட் செய்து இருபது அடி ஓட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையோரம் நிறுத்தியிருந்தேன். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். விலை கேட்கவில்லை. பானெட்டும் கதவும் சந்திக்கிற கோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். "வண்டலூர்ல இருபது வருஷம் வேலை பார்த்தேன் தம்பி" என்றார். பானெட்டைத் திறந்து காட்டினேன். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார்.

"ட்ரன்னியனுக்கு என்ன விடறீங்க?"

"ஆயில்தாங்க ஐயா."

"கிரீஸ் இல்லையே?"

"இல்லைங்க."

நிமிர்ந்து கைத்தடியை வாங்கிக்கொண்டார். "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.