தினமும் ஒரு நடவு

தேனியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வீடியோ வந்ததாம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான பூந்தொட்டிகள் பெல்ட்டில் வரிசை பிடித்து ஊர்ந்து போகின்றன. மருந்துக்கும் ஒரு மனிதர் கண்ணில் படவில்லை. பின்னணியில் உருக்கமாகப் பியானோ. “செடிகளே நடந்து போகும் தோட்டம், விவசாயத்தின் எதிர்காலம்” என்று தலைப்பு. வாசகர் கேட்பது ஒன்றுதான்: “செடியை எதற்கு சார் நகர்த்தணும்? அது பாட்டுக்கு நின்ன இடத்துல வளராதா?”

தாராளமாக வளரும். ஊர்வலம் போக வேண்டுமென்று எந்தச் செடியும் வேண்டிக்கொள்ளவில்லை. பெல்ட் செடிக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பியானோவை அணைத்துவிட்டு விஷயத்துக்கு வரலாம். பெல்ட் இருப்பது தரைக்காகவும் மனிதக் காலுக்காகவும்தான்.

நெதர்லாந்துக் கண்ணாடிக் குடிலில் தரை என்பது வெறும் தரை இல்லை. குளிர்காலத்தில் சூடேற்றிய தரை. இருட்டிய பிறகு விளக்கு போட்ட தரை. ஒரு சதுர மீட்டரில் இலை இருந்தாலும் சிமெண்டு இருந்தாலும் எரிவாயு பில் ஒன்றுதான். நிலையான மேசைகள் போட்ட குடிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆள் நடக்கும் பாதையாகப் போய்விடும். அதனால் மேசையை உருளைக் குழாய்களின் மேல் வைத்தார்கள். எல்லா மேசைகளும் ஒட்டி நிற்கும், மொத்தத்துக்கும் ஒரே ஒரு பாதை. இரண்டாவது மேசைக்குப் போக வேண்டுமானால் மேசைகளைக் கையால் தள்ளினால் போதும், பாதை அங்கே நகர்ந்துவரும். அடுத்த படியில் பாதையே வேண்டாம் என்றார்கள். ஆள் செடியிடம் போகாமல் செடி ஆளிடம் வந்தால் நடக்க இடம் எதற்கு?

இதுவரை சொன்னது சாதாரண சிக்கன புத்தி. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது.

பெல்ஜியத்திலும் பின்லாந்திலும் லெட்டூஸ் கீரை வளர்க்கும் குடில்களில் நகரும் வாய்க்கால்கள் உண்டு. மாடி மழைநீர் வடிகிற தூம்பு மாதிரி நீளமான பிளாஸ்டிக் வாய்க்கால். அதன் மேல் வரிசையாகத் துளைகள், துளைக்கொரு நாற்று. ஒரு முனையில் புதிதாக நாற்று ஏற்றிய வாய்க்கால்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். இயந்திரம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்முனைக்கு நகர்த்தும். நகர நகர, இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே இடைவெளி விரியும். எதிர்முனைக்கு வரும்போது கீரை முழு வளர்ச்சி. இடைவெளியும் முழு அகலம். அங்கே ஒருவர் நின்ற இடத்திலேயே அறுப்பார். காலி வாய்க்கால் கழுவப்பட்டு மறுபடி முதல் முனைக்குப் போகும். தண்ணீர்க் குழாய் வாய்க்காலோடு பிணைக்கப்பட்டிருக்காது. வாய்க்கால் வந்து நிற்கும் இடத்தில் மேலிருந்து அதன் ஒரு முனையில் தண்ணீர் விழும். லேசான சரிவில் வேர்களை நனைத்துக்கொண்டு ஓடி மறுமுனையில் வழிந்துவிடும். இணைப்பு இல்லை, அதனால் கழற்ற வேண்டியதும் இல்லை. இந்த எளிமையை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் கூடுவோம் அல்லவா? கூடத்தில் ஒரே ஜமுக்காளம், அதில் குறுக்காக எட்டுக் குழந்தைகள். பத்து வருடம் கழித்து அதே ஜமுக்காளத்தில் அதே அத்தை பிள்ளைகளில் மூன்று பேர் படுப்பதே பெரும்பாடு. பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் ஆறடி ஒதுக்கியிருந்தால் பாட்டிக்கு அரண்மனை வேண்டியிருக்கும். பாட்டி நெதர்லாந்துக்காரியாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாள்: வாசல் திண்ணையில் கைக்குழந்தைகளை அடுக்கி வைப்பது, வருடத்துக்கு ஓரடி கொல்லைப்புறமாக எல்லோரையும் உருட்டிக்கொண்டே இடைவெளி விடுவது, கொல்லைக் கதவை எட்டுகிறவருக்குக் கல்யாணம் செய்து வெளியே அனுப்பிவிடுவது. காலியான போர்வையைத் துவைத்துத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அடுத்த குழந்தை தயார். (கொல்லைக் கதவருகே நிற்பவரை லெட்டூஸுக்குச் செய்வதைத்தான் செய்வாளா என்று கேட்காதீர்கள். உவமை அவ்வளவு தூரம் தாங்காது.)

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் ஒரு வாய்க்காலுக்கு 10 செ.மீ. இடம் போதும், முப்பதாம் நாள் 30 செ.மீ. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு வாய்க்கால் ஏற்றினால் வரிசையில் 30 வாய்க்கால் நிற்கும். கடைசி அகலத்தையே எல்லோருக்கும் முதலிலிருந்து கொடுத்தால் 9 மீட்டர். ஆனால் செடி வட்டிக்கு வட்டி போல வளர்கிறது. தினமும் ஏறக்குறைய 4 சதவீதம் அகலமானால் 10 என்பது 30 ஆகிவிடும். அப்படி விரிகிற வரிசைக்கு மொத்தம் ஐந்தரை மீட்டரே போதும். அதே கூரை, அதே எரிவாயு பில். கீரை மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல். வட்டிக்கு வட்டியில் சிறுசாக இருக்கும் காலமே நீளம், பெரிசாக இருக்கும் காலம் கொஞ்சம். அந்த இளமைக் காலத்துக்கு முழு வாடகை கட்டாமல் தப்பிக்கிற வித்தைதான் இது.

இது நெல் விவசாயிக்குத் தெரியாத வித்தையா? ஒரு ஹெக்டேர் நடவுக்கு 20 சென்ட் நாற்றங்கால் என்பது நம் ஊர்ப் பழைய கணக்கு. பயிரின் முதல் மூன்று, நான்கு வாரங்களை வயலில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் முடித்துவிடுகிறோம். அதன் பிறகு ஒரே ஒரு தடவை பறித்து, ஒரே ஒரு தடவை இடம் விட்டு நடுகிறோம். குனிந்து நடுகிற முதுகு அதற்கு மேல் தாங்காது. நகரும் வாய்க்கால் அதையே தினமும் செய்கிறது, வேரைத் தொடாமல்.

தொட்டிச் செடிக்கு வாய்க்கால் ஒத்துவராது. அங்கே முள்கரண்டி போன்ற நீண்ட கரங்கள் ஒரு வரிசைத் தொட்டிகளை மொத்தமாகத் தூக்கி, இடம் விட்டு, ஒரு வரிசைவிட்டு ஒரு வரிசை தள்ளி முக்கோணமாக வைக்கும். பழக்கடைக்காரர் ஆரஞ்சு அடுக்குகிற கணக்குத்தான். சதுரமாக வைப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம் கொள்ளும். இந்தத் தொட்டி தள்ளி வைக்கும் வேலை எவ்வளவு அலுப்பானது என்பதற்கு ஒரு சாட்சி: வீடு பெருக்கும் ரூம்பா ரோபோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஜோன்ஸ், அடுத்து ஹார்வெஸ்ட் ஆட்டோமேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது, அமெரிக்க நர்சரிகளில் தொட்டிகளை எடுத்து இடைவெளி விட்டு வைக்கும் குட்டி ரோபோக்களுக்காக.

நகர்த்துவதற்கு இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. கடைகளில் வெள்ளையும் ஊதாவுமாகத் தொங்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் 28 டிகிரி வெப்பத்தில் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், பூக்கவே பூக்காது. ஆறேழு வாரம் 19, 20 டிகிரியில் வைத்தால்தான் பூந்தண்டு எட்டிப் பார்க்கும். குடில் முழுவதையும் சூடாக்கிப் பிறகு குளிர்விப்பதைவிடச் செடிகளைக் கொடைக்கானலுக்கு அனுப்பிவிடுவது மலிவு. ஒரு வெப்ப அறை, ஒரு குளிர் அறை, நடுவே பெல்ட்.

பெல்ட்டும் ஒரே நீளத் துணியில்லை. பொம்மை ரயிலின் தண்டவாளம் மாதிரி நேர்த்துண்டு, வளைவுத்துண்டு, திருப்பும் துண்டு என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வது. இந்த வருடம் ஆர்க்கிட், அடுத்த வருடம் வேறொன்று என்றால் கழற்றி மாற்றலாம். விளம்பரத்தில் இது ஒரு நிமிட வேலை. வீடியோவில் காட்டாதது இரண்டு துண்டுகள் சேரும் அந்த விரலிடை. தொட்டி ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது ஒரு சின்னக் குலுக்கல். அரையடி உயரச் செடிக்குக் கவலையில்லை. அதே தொட்டியில் இரண்டடிப் பூந்தண்டு நின்று, அன்றைக்குத் தண்ணீரும் காய்ந்திருந்தால் அடிப்பாரம் குறைந்து, தலைப்பாரம் ஜெயித்துவிடும். ஒரு தொட்டி சாய்ந்தால் பின்னால் வருவதெல்லாம் அதன் மேல் முட்டி நிற்கும். சிந்திய தென்னைநார்த் தூள் உருளையில் புகும். எங்கும் கண்ணில் படாத அந்த மனிதர் அப்போது தூரிகையும் கையுமாக ஓடி வருவார்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: வெர்சாய் அரண்மனையில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆரஞ்சு மரங்களை மரப்பெட்டிகளில் வைத்து, கோடையில் வெயிலுக்கும் குளிர்காலத்தில் உள்ளேயும் மாற்றி வருகிறார்கள். 1964-ல் வியன்னா தோட்டக் கண்காட்சியில் ஓத்மார் ருத்னர் என்ற பொறியாளர் கண்ணாடிக் கோபுரம் ஒன்றை நிறுத்தி அதற்குள் செடிகளை ராட்டினம் போல மேலும் கீழும் சுற்ற விட்டார். செடிகளை உயரத்தில் அடுக்குவதைப் புத்தம் புதிய யோசனை என்று இன்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வரலாறு போதும்.

“பெல்ட்டில் சுற்றுவதால் எல்லாச் செடிக்கும் சமமான வெயில்” என்பது அடிக்கடி காதில் விழும் இன்னொரு பெருமை. அதற்கு நேரெதிரான பயம் ஒன்றும் உண்டு: ஆட்டி அசைத்தால் செடி குட்டையாகிவிடுமே? பயத்தில் அர்த்தம் இருக்கிறது. தண்டைத் தினமும் தடவிக்கொண்டிருந்தால் செடி குட்டையாகவும் தடிமனாகவும் வளரும். 1973-ல் மார்க் ஜாஃபே என்ற ஆராய்ச்சியாளர் இதற்குப் பெயரே வைத்தார். ஜப்பானிய விவசாயிகள் இளங்கோதுமையை வேண்டுமென்றே மிதிப்பதுண்டு. இரண்டையும் சோதித்தது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகம். பயிர் ஆராய்ச்சிக்காக 2010-ல் திறந்த அங்குள்ள குடில்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பெல்ட் ஓடுகிறது; தொட்டிகள் தாமாகவே எடைமேடைக்கும் கேமரா அறைக்கும் போய்வருகின்றன. அங்கே கோதுமையை வைத்துச் செய்த சோதனை 2013-ல் பிளான்ட் மெத்தட்ஸ் இதழில் வந்தது. பெல்ட் பயணத்தால் செடி மாறியதற்குத் தடயம் இல்லை. சரி, பயம் வீண். ஆனால் தொட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தபோது குடிலின் கிழக்குப் பக்கச் செடிக்கும் மேற்குப் பக்கச் செடிக்கும் இருந்த வித்தியாசம் குறைந்தாலும் அளவீட்டின் பிழை கூடிவிட்டது. தொட்டிகளை உருட்டிக்கொண்டிருப்பதைவிட, முதலிலேயே புள்ளியியல்படி யோசித்து இடம் ஒதுக்குவதுதான் மேல் என்பது அவர்கள் முடிவு. பெல்ட்டின் சொந்தக்காரர்களே இப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பணம் போட்டவர்களுக்கு இவ்வளவு பொறுமை இருப்பதில்லை. கலிபோர்னியாவின் அயர்ன் ஆக்ஸ் நிறுவனம் பெல்ட்டையும் விட்டுவிட்டு, 450 கிலோவுக்கும் மேல் தூக்கும் ரோபோ வண்டிகளை வைத்துச் செடித் தொட்டிகளைக் குடிலுக்குள் ஊர்வலம் விட்டது. பில் கேட்ஸ் தொடங்கிய முதலீட்டு நிதியின் தலைமையில் 2021-ல் 5 கோடி 30 லட்சம் டாலர் திரட்டியது. 2022 நவம்பரில் ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. கீரைக்கட்டு என்ன விலை போகும் என்பதை ரோபோ மாற்றிவிடுவதில்லை.

“நம்ம ஊருக்கு வருமா?” என்று தேனிக்காரர் பின்குறிப்பில் கேட்டிருக்கிறார். ஓசூர்ப் பாலிஹவுஸ் ரோஜாவுக்கு வராது. பாத்தியில் வேர் விட்டு வருடக்கணக்கில் நின்று பூக்கிற செடியை நகர்த்தி என்ன பயன்? குழித்தட்டு நாற்று வளர்க்கிற இடங்களில் தட்டு தூக்கும் கூலியும் பெல்ட்டின் விலையும் என்றைக்கு ஒன்றையொன்று தொடுகின்றனவோ அன்றைக்கு வரலாம்.

நெதர்லாந்திலேயே தக்காளிக்கு பெல்ட் கிடையாது. ஆனாலும் தக்காளி நகர்கிறது. கொடி மேல்கம்பியை எட்டியதும் தொழிலாளி வருவார். அவர் ஏறி நிற்கும் வண்டிக்குத் தண்டவாளம், தரையோடு போகும் வெந்நீர்க் குழாய்கள்தான். கொக்கியில் சுற்றியிருக்கும் கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்து, கொடியைக் கொஞ்சம் இறக்கி, கொக்கியைக் கம்பியில் ஒரு சாண் தள்ளி மாட்டுவார். வாராவாரம் இதே வேலை. பருவம் முடியும்போது தண்டு பத்து மீட்டரைத் தாண்டித் தரையோரம் படுத்திருக்கும். வரிசைக் கோடியில் நிற்கும் கொடியின் நுனி முனை திரும்பி எதிர்ப்பக்கத்தில் காய்த்துக்கொண்டிருக்கும். வேர் மட்டும் முதல் நாள் வைத்த பையிலேயே இருக்கும். அந்தப் பைக்குள் இருப்பது பெரும்பாலும் பாறைப்பஞ்சு. சில குடில்களில் தென்னைநார்க் கழிவு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனதாகவும் இருக்கலாம்.