ஒன்பது மாணவரும் ஒரு சிறு கூடமும்

பிள்ளை ஒரு கலையை மாதக்கணக்கில் பயின்றும் தேர்ச்சி காணவில்லையெனில், "இன்னும் கடுமையாக உழை" என்று சொல்வதே நம் வழக்கம். ஆனால் பல வேளைகளில் குறை உழைப்பில் இல்லை; கற்பிக்கும் முறையில் இருக்கிறது. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தும் கலைகளுள் ஒன்று பிரேசில் நாட்டின் ஜியு-ஜிட்சு.

இது குத்தும் உதையும் இல்லாத மற்போர். எதிராளியைத் தரையில் வீழ்த்தி, மூட்டுகளைப் பூட்டியோ கழுத்தை நெருக்கியோ பணியவைப்பதே இதன் முறை. பூட்டில் அகப்பட்டவர் கையால் தட்டிய அக்கணமே மற்றவர் பிடியை விட்டுவிட வேண்டும்.

இக்கலையின் வேர் ஜப்பானில் உள்ளது. 1882-ஆம் ஆண்டு, டோக்கியோவில் உள்ள ஒரு புத்தக் கோவிலில், 12 பாய்கள் விரித்த சிறு கூடத்தில், 9 மாணவர்களுடன் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கினார். அவர் நிறுவிய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். பெலேம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி, 1925-இல் ரியோ டி ஜெனீரோவில் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். அவருடைய தம்பி ஹீலியோ மெலிந்த உடலினர். வலிமையைவிட நெம்புகோல் தத்துவத்தையே நம்பி அவர் கலையை வளர்த்தார்.

நெம்புகோல் என்றால் நுட்பம். நுட்பம் என்றால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு அசைவுகள். எடுத்துக்காட்டாக, மல்லாந்து படுத்தபடி எதிராளியின் கையைப் பூட்டும் முறையைக் கருதுவோம். எதிராளி நம் கால்களுக்கிடையே முழந்தாளிட்டிருக்கிறார். அவர் மணிக்கட்டை நம் மார்போடு அணைத்து, ஒரு பாதத்தை அவர் இடுப்பில் ஊன்றி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை அவர் முகத்தின் குறுக்கே கொணர்ந்து, முழங்கால்களை நெருக்கிய பின்னரே இடுப்பை மெல்ல உயர்த்த வேண்டும். புதியவரோ உடலைத் திருப்பாமலே காலை வீசுவார். எதிராளி முழங்கையை எளிதில் உருவிக்கொள்வார். வலிமை போதவில்லை என்றெண்ணி, அடுத்த முறை இவர் இன்னும் முரட்டுத்தனமாக இழுப்பார். இவ்வாறு பிழையே பழக்கமாகிறது. முப்பது பேர் நிறைந்த வகுப்பில், ஆசிரியர் எவ்வளவு நல்லவராயினும் இதனைக் காண்பது அரிது.

இதற்கு மருந்தாக அமைவதே சிறு குழுப் பயிற்சிப் பட்டறை. ஆறு முதல் ஒன்பது பேர், இரண்டு மணி நேரம், பாடம் ஒன்றே ஒன்று. முதற்படியில் துணைவர் சிறிதும் எதிர்ப்பதில்லை. இரண்டாம் படியில், பிழை நேர்ந்தால் மட்டும் கையை உருவிக்கொள்கிறார். மூன்றாம் படியில் முழுமையாக எதிர்க்கிறார். ஆயினும் அந்த ஒரு நிலையிலிருந்து மட்டுமே. இருவர் பொருத, மூன்றாமவர் அருகிருந்து நோக்குகிறார். தன் இடுப்பு எங்கே தவறியது என்பதைப் பொருதுபவர் அறியார், நோக்குபவர் அறிவார். பிறர் பிழையைக் கண்டு சொல்லுந்தோறும் அவருடைய அறிவும் கூர்மையடைகிறது.

நோக்குபவரின் கண் உயிர்க்காவலும் ஆகும். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவின் தோள்பூட்டில் அகப்பட்ட ஹீலியோ தட்ட மறுத்தார். ஓரத்தில் நின்ற கார்லோஸே துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார். அப்பூட்டு இன்றும் கிமுராவின் பெயராலேயே வழங்குகிறது. பெருவீரரையே வீம்பு பற்றுமெனில், இளம்பிள்ளைகளைக் கேட்கவும் வேண்டுமோ? அறிமுகமான சிறு குழுவில் தட்டுவது அவமானமாகத் தோன்றாது. அது பாடத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

பட்டறை மட்டும் போதும் என்று நாம் கூறவில்லை. உயரமும் எடையும் வேறான பலரோடு பொருதிப் பழகப் பெரிய வகுப்பும் தேவையே. அங்கே கற்றதைச் செப்பனிடும் இடமே பட்டறை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைப் பயிற்சிக்கூடத்தில் சேர்க்குமுன், சுவரில் தொங்கும் பதக்கங்களை மட்டும் எண்ணாதீர்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என எண்ணுங்கள். ஒருவர் தட்டியவுடன் மற்றவர் விடுகிறாரா என உற்றுநோக்குங்கள். உலகெங்கும் பரவிய இக்கலை, 9 மாணவர் அமர்ந்த சிறு கூடத்திலன்றோ தொடங்கியது!