பார்ஸ்டிமார்க்

பார்ஸ்டிமார்க் என்பது மின்னஞ்சல் உறுதிப்பாட்டு அறிக்கைகளைப் பகுத்தாய்வதற்கான ஒரு திறமூல மென்பொருள் ஆகும். இது பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்டு, அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. ஓர் ஆள்களப் பெயரின் உரிமையாளருக்குப் பல மின்னஞ்சல் சேவைகள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளை இது படித்து, அட்டவணையாகவும் வரைபடமாகவும் காணத்தக்க தரவாக மாற்றுகிறது. தம் பெயரில் யார் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள் என்பதை அறியவும், போலி அஞ்சல்களைத் தடுக்கும்போது முறையான அஞ்சல்களும் சேர்ந்து தடைபடாமல் காக்கவும் இது உதவுகிறது.

பின்னணி

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982 ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அனுப்புநர் யார் என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அஞ்சல் உறையின் மீது எவரும் எவருடைய முகவரியையும் எழுதிவிடலாம் என்பது போன்றதே இந்நிலை. இக்குறையை நீக்கப் பின்னர் இரு முறைகள் உருவாயின.

எஸ்.பி.எஃப். என்பது ஓர் ஆள்களத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப இசைவு பெற்ற வழங்கிகளின் ஐ.பி. முகவரிகளை டி.என்.எஸ். பதிவில் வெளியிடும் முறையாகும். டி.கே.ஐ.எம். என்பது அனுப்பும் வழங்கி அஞ்சலில் மின்கையொப்பம் இடும் முறையாகும். எனினும், எஸ்.பி.எஃப். சரிபார்ப்பது வழங்கிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரியையே, டி.கே.ஐ.எம். கையொப்பமும் எந்த ஆள்களத்தின் பெயரிலும் இருக்கலாம். படிப்பவர் காணும் அனுப்புநர் முகவரியை இவை தனித்துக் காப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது டிமார்க் ஆகும். இது 2012 இல் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 7489 என்னும் ஆவணமாக வெளியானது. இரு சோதனைகளுள் ஒன்றாவது தேற வேண்டும். அவ்வாறு தேறிய ஆள்களம், கண்ணுக்குத் தெரியும் அனுப்புநரின் ஆள்களத்தோடு பொருந்தவும் வேண்டும். தவறும் அஞ்சலை என்ன செய்வது என்பதை உரிமையாளர் மூன்று கொள்கைகளுள் ஒன்றாக அறிவிக்கிறார். அவை: எதுவும் செய்யாது கண்காணிக்கும் 'நன்', எரிதப் பெட்டியில் ஒதுக்கும் 'குவாரன்டைன்', ஏற்க மறுக்கும் 'ரிஜெக்ட்'.

நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல்களை ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புவோர் டிமார்க் பதிவு வைத்திருக்க வேண்டும் என்னும் விதியைக் கூகுள் 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இதையொத்த விதியைக் கொண்டுவந்தது.

அறிக்கைகளின் இயல்பு

அஞ்சலைப் பெறும் சேவைகள் பொதுவாக நாளுக்கு ஒரு முறை தொகுப்பறிக்கை அனுப்புகின்றன. இது சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பாக மின்னஞ்சலில் இணைக்கப்பட்டு வரும். அனுப்பிய வழங்கியின் ஐ.பி. முகவரி, அதிலிருந்து வந்த அஞ்சல்களின் எண்ணிக்கை, சோதனைகளின் முடிவுகள் ஆகியவை இதில் இருக்கும். அஞ்சலின் உள்ளடக்கம் இராது.

ஒவ்வொரு சேவையும் தனித்தனியே அனுப்புவதால், சிறிய நிறுவனத்திற்கும் நாள்தோறும் பல கோப்புகள் சேரலாம். ஐ.பி. முகவரி யாருடையது என்பதும் எண்ணைப் பார்த்த அளவில் விளங்காது. பார்ஸ்டிமார்க் கோப்புகளை விரித்து, முகவரிகளுக்குரிய வழங்கிப் பெயரையும் நாட்டையும் கண்டறிந்து, தரவுத்தளத்தில் சேர்க்கிறது.

நிறுவும் முறை

பார்ஸ்டிமார்க்கை டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கிகளில் நிறுவலாம். பொதுவான படிநிலைகள் பின்வருமாறு:

1. அறிக்கைகளுக்கெனத் தனி அஞ்சல் பெட்டி உருவாக்கப்பட்டு, அதன் முகவரி டிமார்க் பதிவின் 'ருவா' பகுதியில் குறிக்கப்படும். அப்பெட்டி வேறோர் ஆள்களத்தில் இருந்தால், அறிக்கைகளை ஏற்க இசைவதாக அந்த ஆள்களமும் டி.என்.எஸ். பதிவு ஒன்றை வெளியிட வேண்டும். இல்லையேல் அறிக்கைகள் வந்து சேரமாட்டா.

2. வழங்கியில் உள்நுழைய இயலாத தனிப் பயனர் கணக்கு ஒன்று அமைக்கப்படும். பைத்தானின் மெய்நிகர்ச் சூழல் ஒன்றில், பிப் என்னும் கருவியைக் கொண்டு மென்பொருள் நிறுவப்படும். இதனால் இயக்குதளத்தின் பிற பைத்தான் நிரல்கள் பாதிக்கப்படுவதில்லை.

3. அமைவுக் கோப்பில் அஞ்சல் வழங்கியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் முகவரி ஆகியவை எழுதப்படும். கடவுச்சொல் இருப்பதால், இக்கோப்பைப் பிற பயனர்கள் படிக்க முடியாதவாறு அனுமதி வரையறுக்கப்பட வேண்டும்.

4. ஓர் அறிக்கைக் கோப்பை மட்டும் கொடுத்து இயக்கிப் பார்க்கலாம். முடிவு ஜேசன் வடிவில் திரையில் தோன்றினால் நிறுவல் சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.

5. பின்னர் சிஸ்டம்டி சேவையாகப் பதிவு செய்தால், மென்பொருள் அஞ்சல் பெட்டியை இடைவிடாது கண்காணிக்கும். படித்து முடித்த அறிக்கைகளை அது காப்புக் கோப்புறைக்கு நகர்த்தும்.

6. வரைபடங்களாகக் காண எலாஸ்டிக்சர்ச் தரவுத்தளமும் கிபானா காட்சிப் பலகையும் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. எலாஸ்டிக்சர்ச் நினைவகத்தை மிகுதியாகப் பயன்படுத்தும். சிறிய வழங்கியில் இவற்றைத் தவிர்த்து, முடிவுகளை ஜேசன் அல்லது சி.எஸ்.வி. கோப்புகளாக மட்டும் சேமிக்கலாம்.

எலாஸ்டிக்சர்ச் 9200 ஆம் துறையையும், கிபானா 5601 ஆம் துறையையும் இயல்பாகப் பயன்படுத்துகின்றன. இவற்றைப் பொது இணையத்திற்குத் திறந்து வைப்பது பாதுகாப்பற்றது.

அறிக்கையைப் படித்தல்

அறிக்கையில் 'தேறியது' எனக் காணும் எல்லாம் டிமார்க் சோதனையில் தேறியவை அல்ல. எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரி தன் அன்றாட அஞ்சல்களைத் தன் வழங்கியிலிருந்தும், தேர்வு அறிவிப்புகளை வெளிச் சேவை ஒன்றின் வழியாகவும் அனுப்புவதாகக் கொள்வோம். அச்சேவை உறை முகவரியில் தன் ஆள்களப் பெயரையே இட்டால், எஸ்.பி.எஃப். சோதனை தேறினாலும் கல்லூரியின் பெயரோடு பொருந்தாது. கையொப்பமும் சேவையின் பெயரிலேயே இருந்தால் டிமார்க் சோதனை தவறும்.

கொள்கை 'நன்' ஆக உள்ளவரை இதனால் அஞ்சல் தடைபடாது. எனவே குறை எவர் கண்ணிலும் படாது. கொள்கையை 'ரிஜெக்ட்' ஆக மாற்றியதும் தேர்வு அறிவிப்புகள் மாணவர்களைச் சென்றடையாமல் போகலாம். அறிக்கைகளை முன்கூட்டியே படித்திருந்தால், அச்சேவை கல்லூரியின் பெயரில் கையொப்பமிடுமாறு அமைத்துக் குறையை நீக்கியிருக்கலாம்.

திருப்பி அனுப்பப்படும் அஞ்சல்களில் எஸ்.பி.எஃப். பெரும்பாலும் தவறும், உள்ளடக்கம் மாறாதவரை டி.கே.ஐ.எம். கையொப்பம் செல்லும். மடலாடற் குழுக்கள் தலைப்பையோ உள்ளடக்கத்தையோ மாற்றினால் அதுவும் தவறும். 2014 ஏப்ரலில் யாகூ தன் ஆள்களத்திற்கு 'ரிஜெக்ட்' கொள்கையை அறிவித்தபோது, யாகூ முகவரியிலிருந்து மடலாடற் குழுக்களுக்கு எழுதியோரின் அஞ்சல்கள் பல இடங்களில் மறுக்கப்பட்டன. ஆகவே, சில வாரங்களேனும் அறிக்கைகளைக் கவனித்து, முறையான மூலங்களைச் சீர்செய்த பின்னரே கொள்கையைப் படிப்படியாகக் கடுமையாக்குவது நல்லது.

வரம்புகள்

பார்ஸ்டிமார்க் எந்த அஞ்சலையும் தானே தடுப்பதில்லை. எல்லா அஞ்சல் சேவைகளும் அறிக்கை அனுப்புவதில்லை. ஆதலால் கிடைக்கும் தரவு முழுமையானதன்று. ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவு செய்யப்பட்ட போலி ஆள்களப் பெயர்களிலிருந்து வரும் அஞ்சல்கள் உண்மையான உரிமையாளரின் அறிக்கைகளில் இடம்பெறா. கருவி மூலங்களைப் பட்டியலிடும். அவற்றுள் எது தம்முடையது, எது போலி என்பதை உரிமையாளரே தீர்மானிக்க வேண்டும்.