வீரரை நிறுத்திவைத்தலும் விலையறிதலும்

விளையாட்டு உடலுக்கு மட்டும் உரியதன்று. ஆராய்ந்து துணியும் அறிவுக்கும் உரியது. அமெரிக்க நாட்டில், பேஸ்போல் எனப்படும் தளப்பந்தாட்டத்தைச் சார்ந்து எழுந்த ‘கற்பனை அணி’ ஆட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 2008ஆம் ஆண்டு முதல் நடைபெறும் இந்திய பிரீமியர் லீக் கிரிக்கெற் ஏலத்தை அறிந்த நம் மாணவர்க்கு இதன் போக்கு எளிதிற் புலனாகும். இவ்வாட்டத்தின் நுட்பமான பகுதியாகிய ஒப்பந்த முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1980ஆம் ஆண்டில் டானியல் ஒக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பரும் நியூயோர்க் நகரில் இதனைத் தொடங்கினர். அவர்கள் கூடிய ‘லா ரொட்டிசெரி பிரான்சேஸ்’ என்னும் உணவகத்தின் பெயரால் இது ‘ரொட்டிசெரி’ ஆட்டம் எனப்பட்டது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஓர் அணியின் உரிமையாளராவர். நிலைபெற்ற விதிப்படி ஒருவர்க்கு 260 டொலர் உண்டு. அதனைக்கொண்டு 23 வீரரை ஏலத்தில் எடுத்தல் வேண்டும். அவ்வீரர் மெய்யான ஆட்டங்களில் அடிக்கும் ‘ஹோம் ரன்’களும் ஈட்டும் வெற்றிகளும் பிறவும் தொகுக்கப்பெற்று, உரிமையாளர்க்குப் புள்ளிகள் வழங்கப்படும்.

ஆண்டுதோறும் எல்லாம் கலைந்துவிடின் தொலைநோக்குக்கு அங்கு இடமில்லை. ஆதலின், அடுத்த பருவத்துக்கு 15 வீரர் வரை பழைய விலைக்கே நிறுத்திவைக்கலாம் என விதித்தனர். புகழ்மிக்காரை நிறுத்திவைப்பதே அறிவுடைமை எனப் புதியவர் கருதுவர். 40 டொலருக்கு வாங்கிய பெருவீரர் 40 டொலரே பெறுமதியுடையவராயின், மிச்சம் யாதுமில்லை. 3 டொலருக்கு வாங்கிய இளைஞர் 25 டொலர் பெறுமதியுடையவராயின், 22 டொலர் மிச்சமாகும். விலைக்கும் பெறுமதிக்கும் உள்ள இவ்விடைவெளியே கைப்பொருள் என அறிதல் வேண்டும்.

எனினும் கணக்கு இவ்வளவில் முடிந்துவிடுவதன்று. பத்துப் பேர் ஆடும் ஆட்டத்தில் மொத்தப் பணம் 2600 டொலர். வீரர் அனைவரின் பெறுமதியும் அதுவே எனக் கொள்வோம். 1200 டொலர் பெறுமதியான வீரர் 800 டொலருக்கு நிறுத்திவைக்கப்பட்டால், கையில் எஞ்சும் பணம் 1800. ஏலத்துக்கு எஞ்சும் பெறுமதியோ 1400. எனவே விலைகள் ஏறும். மிச்சம் இல்லை எனத் தோன்றிய அந்த 40 டொலர் வீரரை விடுவித்து மீண்டும் வாங்கப் புகின், ஏறக்குறைய 51 டொலர் கொடுக்க நேரும். ஆகவே பிறர் யாரை நிறுத்திவைக்கின்றனர் என்பதையும் நோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

இனி, ஒப்பந்தத்தை நோக்குவோம். இரண்டு பருவம் ஒரே விலையில் இருந்த வீரரை மூன்றாம் பருவத்துக்கு முன் விடுவிக்கலாம். அவ்விலைக்கே இறுதியாக ஓராண்டு வைத்திருக்கலாம். அன்றேல் நீண்ட ஒப்பந்தம் செய்யலாம். மேலதிக ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 5 டொலர் ஏறும். அவ்வேற்றம் ஒப்பந்த ஆண்டுகள் அனைத்துக்கும் உரியது.

முற்கூறிய 3 டொலர் இளைஞரையே எடுத்துக்கொள்வோம். ஓராண்டு வைத்தால் மிச்சம் 22 டொலர். ஈராண்டாயின் விலை 8, மிச்சம் 34. மூவாண்டாயின் விலை 13; மிச்சம் 36. நான்காண்டாயின் விலை 18. மிச்சம் 28 ஆகக் குறைந்துவிடும். மூன்றாம் ஆண்டினால் வரும் அதிக ஊதியம் 2 டொலர் மாத்திரமே. அதற்காக ஓராண்டு முழுவதும் காயம், தளர்ச்சி என்னும் இடர்களை ஏற்றல் தகுமோ? பந்தெறிவோர்க்கு முழங்கை நார் அறுவது பேரிடர். 1974ஆம் ஆண்டில் டாக்டர் பிராங் ஜோப், ரொம்மி ஜோன் என்னும் வீரர்க்குச் செய்த சத்திரசிகிச்சை பின்னர்ப் பலரை மீட்டதாயினும், குணமடைய ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். ஆகையால் பந்தெறிவோர்க்கு நீண்ட ஒப்பந்தம் செய்யாமை நன்று.

ஒப்பந்த முறையால் விளையும் சிக்கலும் ஒன்றுண்டு. பருவத்தின் நடுவே வெற்றிக்கு வழியிழந்தவர், தம் பெருவீரரை முன்னணியில் நிற்பவர்க்குக் கொடுத்து மலிவான இளைஞரைப் பெறுவர். இருவர்க்கும் இது நயமே. அளவு மீறின், உழைத்து அணி சேர்த்த ஏனையோர்க்கு அநீதியாகும். ஆதலாற் கைமாற்றத்துக்கு இறுதிநாள் வகுத்தல் இன்றியமையாதது.

இவ்விளையாட்டு ஒப்பந்தங்களுக்குப் பின்னே மெய்யான வரலாறு ஒன்றும் உளது. 1879ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்கக் கழகங்கள் ‘ஒதுக்கீட்டு விதி’யினால் வீரரைத் தம்மிடமே கட்டிவைக்கலாயின. 1969ஆம் ஆண்டில் தம்மைக் கேளாமலே வேறு கழகத்துக்கு மாற்றியதை ஏற்காத கேர்ட் பிளட் என்னும் வீரர், அடுத்த ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1972ஆம் ஆண்டில் நாட்டின் அதியுயர் நீதிமன்றில் தோல்வியுற்றார். 1975ஆம் ஆண்டு டிசெம்பரில் நடுவர் பீற்றர் சைற்ஸ் வழங்கிய தீர்ப்பே வேறிரு வீரர் பொருட்டு அக்கட்டை அவிழ்த்தது.

கற்பனை ஆட்டத்தில் நாம் கட்டிவைப்பன பெயர்களும் எண்களுமே. அங்குக் கணக்கறிவு போதும். மனிதரை உண்மையாகப் பிணிக்கும் ஒப்பந்தத்துக்கோ நீதியும் வேண்டும். நாளைப் பணியேற்றுப் பணிகொள்ளவிருக்கும் நம் மாணவர் இவ்விரண்டன் வேறுபாட்டையும் உணர்வாராக.