படித்த பெற்றோரே தடுப்பூசிக்கு தயங்கியது ஏன்? 2017-ல் தமிழகத்தில் நடந்தது இதுதான்

குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்குபவர்கள் என்றாலே படிக்காதவர்கள், விவரம் தெரியாதவர்கள் என்ற பேச்சு உண்டு. ஆனால் 2017 பிப்ரவரியில் தமிழகம் பார்த்தது வேறு கதை.

தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் அப்போதுதான் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் ஒரு ஊசி. தமிழகத்தில் மட்டும் இலக்கு சுமார் 1.76 கோடி பேர். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாம், மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. தயங்கியவர்களில் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நகரத்துப் பெற்றோரும் இருந்தார்கள்.

வாட்ஸ்அப் வதந்தி ஏன் எடுபட்டது?

ஜல்லிக்கட்டு போராட்டம் முடிந்து இரண்டே வாரம் ஆகியிருந்த நேரம் அது. வெளிநாட்டு அமைப்புகள் மீது கோபம், அரசு மீது சந்தேகம், கையில் சூடு குறையாத வாட்ஸ்அப் குரூப்கள். "நம்ம புள்ளைங்கள வச்சு டெஸ்ட் பண்றாங்க" என்ற ரீதியில் ஒரு மெசேஜ் வந்தால் போதாதா? அதை அனுப்பியது முகம் தெரியாத ஆள் இல்லை. கூடப் படிக்கும் பிள்ளையின் அம்மா, சித்தப்பா, ஆபீஸ் நண்பர். மெசேஜை நம்பியதை விட, அனுப்பியவரை நம்பினார்கள்.

பெற்றோர் கேட்ட கேள்விகளும் நியாயமானவைதான். "ஏற்கெனவே எம்எம்ஆர் போட்டாச்சே, திரும்ப எதுக்கு?" "14 வயசுப் பையனுக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி?"

பதில் இருந்தது. முன்பே போட்டிருந்தாலும் கூடுதல் டோஸால் கெடுதல் இல்லை. ரூபெல்லா பிள்ளைகளுக்கு லேசாக வந்து போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அதைப் பரப்புவதில் பையன், பொண்ணு வித்தியாசம் கிடையாது. இந்த விளக்கம் பலரிடம் போய்ச் சேரும் முன்பே வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

பழி யார் மேல்?

வீட்டுக்குள் நடக்கும் கணக்கு இன்னும் சிக்கலானது. ஊசி போடாமல் நோய் வந்தால் 'நேரம் சரியில்லை' என்று விட்டுவிடுவார்கள். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தால்? "உன்ன யாரு போடச் சொன்னது?" என்ற கேள்வி அம்மாவைத்தான் பார்த்து வரும். கூலி வேலைக்குப் போகிற வீடு என்றால், மறுநாள் சம்பளமும் போச்சு. தள்ளிப்போடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. இதை அறியாமை என்று சொல்வது சரியல்ல.

2008 விட்டுச் சென்ற பயம்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடும் முறை கைவிடப்பட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்கான முடிவு, சரி. ஆனால் பஸ் ஏறிப் போக வேண்டிய தாய்க்கு அது இன்னொரு தடை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் 80.9 சதவீதம். 2015-16-ல் அது 69.7 ஆகச் சரிந்தது. 2008 சம்பவம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த ஆய்வில் இது 89 சதவீதத்தைத் தாண்டியது.

ஆனால் தட்டம்மைக்கு இது போதாது. வேகமாகப் பரவும் நோய் என்பதால், சுமார் 95 சதவீதம் பேருக்கு இரண்டு டோஸும் போய்ச் சேர வேண்டும்.

இப்போது தட்டம்மை - ரூபெல்லா ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் நேரடியாகக் கேட்கலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். காய்ச்சல் வந்தால் என்ன மருந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். முடிந்தால் அப்பாவும் கூடப் போகட்டும்.